மே மாதம் ஏற்காட்டில் கூடாரம்: திடீர் மழைக்கு எப்படித் தயாராவது?

பெருந்துறைக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். மே மாத விடுமுறையில் ஏற்காட்டில், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் அவருடைய அனுமதியோடு இரண்டு இரவுகள் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று இருக்கிறோம். நானும் மனைவியும், ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், உடன் என் மாமனார். புதிதாக வாங்கிய கூடாரத்தின் பெட்டியில் மழை தாங்கும் என்று போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் கோடை மழைக்கு முன் அடிக்கும் காற்றில் தகரக் கூரையே பறந்துவிடும். மலையில் நள்ளிரவில் அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது, இங்கிருந்தே எதையெல்லாம் எடுத்துச் செல்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். வானிலை அறிக்கையில் மழை இல்லை என்றிருந்தால் நம்பிப் போகலாமா?

சேர்வராயன் அடிவாரம்:
தம்பி, கூடாரம் மழை தாங்குமா என்பதைவிட, தாங்காவிட்டால் எங்கே போவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல கூடாரம் ஒரு மழையைத் தாங்கும். இடி மின்னலிலிருந்து எந்தக் கூடாரமும் காப்பாற்றாது. தோட்டத்துக்காரரிடம் பேசி, நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓர் அறையையோ பண்டகசாலையையோ இரவு முழுவதும் பூட்டாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் மூடிய கார் போதும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உலோகப் பாகங்களைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே காரைக் கூடாரத்துக்கு அருகிலேயே, மரத்தடியில் இல்லாமல், கிளம்பும் திசையில் திருப்பி நிறுத்துங்கள்.

எப்போது கிளம்புவது என்பதற்கும் கணக்கு உண்டு. மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால், அது சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள்; உடனே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. நள்ளிரவில் பிள்ளைகளை எழுப்ப மனம் வராது என்பதால், இதைப் பகலிலேயே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

இடம் பார்க்கும்போது தரையைப் பார்க்கும் அளவுக்கு மேலேயும் பாருங்கள். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் வளர்த்திருக்கும் சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று இருக்கும். காற்றில் கிளை முறிந்து விழும். பள்ளத்தின் ஓரம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மேலே எங்கோ பெய்யும் மழைக்கு இங்கே தூறல்கூட இல்லாமல் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியுமாக மிதந்து வருகிறதென்றால் யோசிக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

கோபி ஆசிரியை:
அண்ணா, மழையைவிட ஈரத்தோடு சேர்ந்த குளிர்தான் சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் வாட்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாகவே இருக்கும். நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே ஆளுக்கு ஒரு முழு மாற்றுடை, ஸ்வெட்டர், குல்லா, காலுறை ஆகியவற்றைத் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, அதைக் காரிலேயே வையுங்கள். கூடாரத்துக்குள் வைத்த மாற்றுடையும் கூடாரத்தோடு சேர்ந்து நனைந்துவிடும். மாமனாரின் மாத்திரைகளுக்கும் இதே ஏற்பாடுதான். பிள்ளை நடுங்கிக்கொண்டே பேச்சுக் குழறினால், ஈர உடையைக் கழற்றித் துடைத்து, போர்வைக்குள் அணைத்துக்கொண்டு, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

கீழே விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேலே வழியும் நீரை அதுவே ஏந்தி உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். புதுக் கூடாரம் என்கிறீர்கள். மொட்டை மாடியில் ஒரு முறை விரித்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நொய்யல் கரை:
வானிலை அறிக்கை பற்றி மட்டும். கோடை இடிமழை பகல் வெயிலில் சூடேறி, பிற்பகலுக்குமேல் திரண்டு, ஓரிடத்தில் கொட்டி அடுத்த இடத்தை விட்டுவிடும் தன்மையுடையது. மாவட்டம் முழுமைக்கும் சேர்த்துச் சொல்லும் முன்னறிவிப்பில் அதன் இடமும் நேரமும் துல்லியமாகத் தெரியாது. வானிலை ஆய்வு மையம் சில மணி நேரத்துக்கு மட்டும் வெளியிடும் எச்சரிக்கையும், மின்னல் விழும் இடங்களைக் காட்டும் தாமினி செயலியும்தான் அங்கே பயன்படும். தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், மாலையில் கிடைக்கும் இடத்துக்கு வந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். முன்கூட்டியே ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

பெருந்துறைக்காரன்:
மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். மழை நிற்காவிட்டால் இரவோடு இரவாகச் சேலத்துக்கு இறங்கிவிடலாமா? வெளியே சமைக்க முடியாதபோது அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா?

சேர்வராயன் அடிவாரம்:
இரண்டுமே வேண்டாம், தம்பி. சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கனமழையில் மண்ணும் பாறையும் சரிந்து விழுவதுண்டு, இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. குப்பனூர் வழியில் வளைவுகள் குறைவுதான், இருந்தாலும் அதுவும் மலைப்பாதையே. விடியும்வரை கட்டடத்துக்குள் இருந்துவிட்டு, பாதை திறந்திருக்கிறதா என்று மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் கேட்டுவிட்டு இறங்குங்கள். அடுப்பு கேஸானாலும் கரியானாலும், மூடிய கூடாரத்துக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும்; வாசனையே இல்லாததால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிர் காயக்கூடக் கரிச்சட்டியை உள்ளே கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்கில் வெந்நீரும், அடுப்பு மூட்டாமல் சாப்பிட அவல், வெல்லம், வாழைப்பழமும் இருந்தால் ஓர் இரவு கழிந்துவிடும்.