சைக்கிள்ல போறவங்க, வேன் ஓட்டுறவங்க: நம்ம ரோட்டுல நடந்ததைச் சொல்லுங்க

சீதாஎலிய:
போன ஏப்ரல் சீசன். வேலைக்கு நுவரெலியா டவுனுக்கு சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தேன். கிரகரி வாவி ஓரமா வெளியூர் வேன்கள் வரிசையா நிக்குது. பின்னால பஸ் வருதேன்னு வேன்களை ஒட்டியே மிதிச்சேன். திடீர்னு ஒரு டிரைவர் கதவு திறந்துச்சு. ஹேண்டில் நுனி அதுல மாட்டி, நான் நடுரோட்டுல. பஸ் பிரேக் பிடிச்சு நின்னுச்சு. தலையைத் தூக்கினா முன் டயர் கை எட்டுற தூரத்துல. அதுல ஒட்டியிருந்த ஈரமண் வாசம் இன்னும் மறக்கல.

வேன்காரர் பதறிப்போய் என்னைத் தூக்கினார். நல்ல மனுஷன். கண்ணாடியைப் பார்க்காம திறந்துட்டார், அவ்வளவுதான். நம்ம நாட்டுல ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால டிரைவர் இடது கையால கதவைத் திறந்தா உடம்பு தானா திரும்பும், பின்னால வர்ற சைக்கிள் கண்ணுல படும். தயவுசெஞ்சு இதைப் பழகிக்கோங்க. நானும் இப்ப நிக்கிற வண்டியிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளித்தான் போறேன். பின்னால ஹோர்ன் அடிச்சாலும் ஒதுங்கிறதில்ல.

நானுஓயா வேன்:
தம்பி, என் பக்கத்தையும் கேளுங்க. பின்னேரம் பனி இறங்கிட்டா முடக்குக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியாது. ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான், லோ பீம்ல ரோட்டோரமாவது தெரியும். 40 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செக்கனுக்கு 11 மீட்டர் ஓடிரும். கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளேயே அவ்வளவு தூரம். ஒருநாள் கறுப்பு ஜக்கெட், லைட் இல்லாத சைக்கிள். பெடல்ல இருந்த சின்ன ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் மேலயும் கீழயும் ஆடுச்சு. அதைக் கண்டுதான் நிறுத்தினேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல.

தலவாக்கலை:
மழையில ரிம் நனைஞ்சா பிரேக் உடனே பிடிக்காது. இறக்கத்துல முடக்கு வர முந்தியே லேசா அழுத்தி, தண்ணியைத் துடைச்சுக்கோங்க. ரோட்டோரம் தண்ணி ஓடுற கானை ஒட்டியும் போகாதீங்க. ஓரத்துல போனா இடம் இருக்குன்னு நினைச்சு லொறி முடக்குலேயே ஓவர்டேக் பண்ணப் பார்க்கும். அப்புறம் நமக்குக் கான்தான். நான் விழுந்து தோள் எலும்பு உடைஞ்சது அப்படித்தான்.

சீதாஎலிய:
நானுஓயா அண்ணே, என் சைக்கிள்ல பெடல் ரிஃப்ளெக்டர் உடைஞ்சு ரெண்டு வருஷமாச்சு. இன்னைக்கு வேலை விட்டதும் வாங்கி மாட்டிடுறேன், பின் லைட்டும் சேர்த்து. நீங்க ஒண்ணு செய்யுங்க: ஹோர்னைத் தூரத்துலேயே சின்னதா அடிங்க. முதுகுக்குப் பின்னால வந்து அடிச்சா கை ஆடிருது.