தம்பி ஆப்ஷன் டிரேடிங்கில் இறங்குகிறான், வழி சொல்லுங்கள்

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். நான் காரைக்குடி. தம்பி பங்கு வாங்கி வைப்பதற்கான டிமேட் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்த 80,000 ரூபாய்தான் முதல்.

நல்ல கம்பெனிப் பங்கை வாங்கிப் போட்டு வைக்கிறான் என்றால் நான் பேசவே மாட்டேன். இவன் போவது ஆப்ஷன் பக்கம், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து, கெடு வைத்த ஒப்பந்தங்களை வாங்கி விற்பது. காலை 9.15க்குச் சந்தை திறந்ததும் டெலிகிராமில் யாரோ "நிஃப்டி கால் வாங்கு, டார்கெட் இவ்வளவு" என்று அனுப்புகிறார்கள். நிஃப்டி என்ற சந்தைக் குறியீடு ஏறும் என்று நம்பி வாங்கும் ஆப்ஷன்தான் இந்தக் கால். இவன் தோசையை ஆறவிட்டு போனையே பார்க்கிறான். அந்தச் சேனலில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு எண்ணைத் தேடினேன், எங்கேயும் இல்லை.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வையும் காட்டினேன். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம். "மிச்சம் ஏழு பேரில் நான் இருப்பேன் ஆச்சி" என்கிறான் (எங்கள் வீட்டில் அக்காவை ஆச்சி என்போம்). ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர், அந்த ரத்தம் என்று பெருமை வேறு! ஆனால் அவர்கள் வரவு செலவை ஒரு வரி விடாமல் எழுதி ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்தவர்கள். இவன் இன்னும் ஒரு கணக்கு நோட்டுகூடப் போடவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கணக்கை மூடாமல் எஃப் அண்ட் ஓவை மட்டும் நிறுத்தி வைப்பது எப்படி? முதல் வருடம், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இன்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடச் சொல்லலாமா? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டிப்ஸ் விற்காமல் தமிழில் பொறுமையாகச் சொல்லித்தருபவர் யாராவது இருந்தாலும் தெரிவியுங்கள், அவனையே கூட்டிக்கொண்டு வருகிறேன்.