சேலத்து பீரோவும் ஏற்காட்டுக் கல் அறையும்

வீட்டில் ஒயின் வைத்து முதிர விடலாமா என்று கேட்கும் சேலத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே ஊரில், ஏசி ஓடாத அறையில், முடியாது. மூன்று பாட்டில்களை இழந்துதான் நான் இதைத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு ஃபேர்லேண்ட்ஸில், தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. 2017 தொடக்கத்தில் வாங்கிய நாசிக் சிவப்பு ஒயின் மூன்றையும் படுக்கையறை பீரோவின் அடித்தட்டில், வேட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். இருட்டாக இருக்கிறதே, அது போதும் என்று நினைத்தேன். சித்திரையும் வைகாசியும் போனது. ஜூலையில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் கார்க் மேலுறையை முட்டிக்கொண்டு வெளியே எழும்பியிருந்தது. கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. ஊற்றினால் செங்கல் நிறம். பேரீச்சம்பழத்தை வேகவைத்த வாசம். மற்ற இரண்டும் அதே கதிதான்.

காரணம் ரொம்ப எளிது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். குளிர்ந்தால் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பகலும் இரவும் மாறி மாறி இது நடந்தால் பாட்டிலை மூடி வைத்தும் பயனில்லை. போதாததற்கு, வெப்பம் பத்து டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிமாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். ஒயினை முதிர வைக்கும் நிலவறைக்கு 12 முதல் 14 டிகிரி என்று சொல்வார்கள். எங்கள் படுக்கையறை மே மாதத்தில் 36 டிகிரி. ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று மனைவி கேட்டாள். சில வாரங்களுக்குச் சரி. வருடக்கணக்கில் வைத்தால் அந்த வறண்ட குளிரில் கார்க் காய்ந்து சுருங்கிவிடும்.

அப்புறம்தான் ஏற்காடு நினைவுக்கு வந்தது. மாமனார் வீடு நாகலூர்ப் பக்கம், சின்னக் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது. வீட்டுக்குக் கீழே சரிவைக் குடைந்து கட்டிய கல் அறை ஒன்று உண்டு. மூன்று பக்கமும் மண், ஒரு பக்கம் மட்டும் கதவு. தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மேஸ்திரிதான் சாவி வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னது:

"இந்த ரூம்ல உருளைக்கிழங்கு போட்டா சீக்கிரத்துல முளைக்காதுங்க மாப்பிள்ளை. ஆனா மிளகு போட்டா பூசணம் பிடிச்சிடும். உங்க பாட்டிலு கிழங்கு மாதிரியா, மிளகு மாதிரியா, பார்த்துக்கோங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் படித்த பாதி விஷயம் அடங்கியிருந்தது. வெப்பநிலை நிலையாக இருக்கிறது, ஈரம் அதிகம்.

அவசரப்படாமல் 2018 முழுக்க அளந்தேன். காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அதற்குள் தெர்மாமீட்டரை விட்டு வைத்தேன். காற்றின் வெப்பம் கதவைத் திறந்த நொடியில் மாறிவிடும். நமக்குத் தேவை பாட்டிலுக்குள் இருப்பதன் வெப்பம். நான் போக முடியாத வாரங்களில் மேஸ்திரியே பார்த்து, காப்பி மூட்டைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தார். வருடம் முழுக்க 17க்குக் கீழே இறங்கவில்லை, 21ஐத் தாண்டவில்லை. 14 டிகிரி கிடைக்கவில்லைதான். ஆனாலும் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் 20 டிகிரி, ஒரே நாளில் ஏறி இறங்கும் 16 டிகிரியைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து.

2019 பிப்ரவரியில் கேபர்நே சாவிஞான் என்ற சிவப்பு ஒயினில் ஒரே வகையாக ஆறு பாட்டில் வாங்கினேன். நான்கை மலைக்கு ஏற்றினேன், இரண்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றே பீரோவில் விட்டேன். விடிகாலையில் கிளம்புங்கள், பாட்டில்களை டிக்கியில் வைக்காமல் துணி சுற்றிச் சீட்டில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் குலுக்கித் தள்ளும். பழைய ஒயினாக இருந்தால் வண்டல் கலங்கிவிடும், போனவுடன் திறக்காமல் இரண்டு வாரமாவது அசையாமல் கிடக்கட்டும். கார்க் போட்டதைப் படுக்க வைக்க வேண்டும், கார்க் நனைந்திருந்தால்தான் இறுக்கமாக இருக்கும். திருகு மூடிக்கு அந்தக் கவலை இல்லை.

2022 டிசம்பரில் சேலத்துப் பாட்டில் ஒன்றும் மலைப் பாட்டில் ஒன்றும் ஒரே மேசையில் திறந்தேன். மேஸ்திரி குடிக்க மாட்டார். ஆனால் காப்பிக்கொட்டையை முகர்ந்தே அது சரியாகக் காய்ந்ததா, புளித்துவிட்டதா என்று சொல்லும் மூக்கு அவருக்கு. எது எது என்று சொல்லாமல் இரண்டு டம்ளரையும் நீட்டினேன். முதலாவதை முகர்ந்து, "வெல்லப்பாகு அடி பிடிச்ச மாதிரி இருக்குங்க" என்றார். அது பீரோ. இரண்டாவதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். "நாவப்பழம். அப்புறம் மழை பேஞ்ச சில்வர் ஓக் பட்டை." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குடித்துப் பார்த்தேன். வாங்கிய புதிதில் நாக்கைப் பிடித்து இழுத்த துவர்ப்பு தணிந்திருந்தது, பழம் அப்படியே இருந்தது.

எல்லா ஒயினையும் இப்படி வைக்காதீர்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடிக்கவே செய்யப்பட்டவை. நான் ஆசைப்பட்டு வைத்த செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒன்று இரண்டே வருடத்தில் வெறும் புளித்தண்ணீர் ஆனது. துவர்ப்பும் புளிப்பும் திடமாக உள்ள சிவப்புதான் காத்திருப்பைத் தாங்கும்.

ஈரத்தைப் பற்றி மேஸ்திரி எச்சரித்தது அப்படியே நடந்தது. ஜூன் முதல் நவம்பர் வரை கல் சுவரே வியர்க்கிறது. கார்க் காயாது என்பது நல்லது; லேபிள்கள் கறுத்து உரிந்து விழுந்துவிட்டன. கார்க் தலையில் படியும் பூசணத்தால் ஒயினுக்குக் கெடுதல் இல்லை, துடைத்துவிட்டுத் திறக்கலாம். அட்டைப் பெட்டியை மட்டும் தரையில் வைக்கவே வைக்காதீர்கள், கரையான் ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். கடப்பாக்கல் பலகையில் அடுக்கியிருக்கிறேன். மண்ணெண்ணெய், உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து வெளியேற்றிவிட்டோம்.

லேபிளுக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் தாள் சுற்றினேன், உள்ளேயே ஈரம் தங்கி மோசமானது. இப்போது கழுத்தில் தகரத் துண்டு கட்டி ஆணியால் வருடத்தைக் கீறி வைக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஆறில் மலையில் இன்னும் இரண்டு பாட்டில் மிச்சம் இருக்கின்றன.