ரெண்டு வரி லிங்க் போதுமாம், ஃபைல் ‘ஏற்கெனவே’ கேஷில் இருக்குமாம்!

அரைப்புள்ளி:
புதியவர் ஒருவருக்கு நேற்று இங்கே கொடுக்கப்பட்ட அறிவுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பூட்ஸ்ட்ராப் மாதிரி, பட்டன், மெனு எல்லாவற்றையும் தயாராகத் தரும் ஒரு டிசைன் சிஸ்டத்தின் ஸ்டைலையும் ஸ்கிரிப்ட்டையும் ப்ராஜெக்ட்டில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருந்தார். கிடைத்த பதில்: "சிடிஎன் லிங்க் ரெண்டு வரி ஒட்டுங்கள், முடிந்தது. பாதிப் பேர் பிரவுசரில் அந்த ஃபைல் ஏற்கெனவே கேஷில் இருக்கும், தளம் பறக்கும்." சிடிஎன் என்றால் பல தளங்களுக்குப் பொதுவாக ஃபைல்களை அனுப்பும் சர்வர்கள்; கேஷ் என்றால் பிரவுசர் ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைக்கும் இடம்.

ஒரு தளம் இறக்கிய ஃபைலை இன்னொரு தளம் எடுத்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. சஃபாரி 2013லேயே கேஷைத் தளவாரியாகப் பிரித்துவிட்டது. குரோம் 2020 அக்டோபரில், 86ஆம் பதிப்பில் ஆரம்பித்தது. ஃபயர்பாக்ஸ் 2021 ஜனவரியில், 85ஆம் பதிப்பில். ஒரு ஃபைல் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்தே நீங்கள் முன்பு எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று கண்டுபிடிக்க முடிந்தது. அதைத் தடுக்கத்தான் பிரித்தார்கள். இது தெரியாமல் புதியவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நிழல்வேர்:
அந்தப் பதிலை எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். கேட்டவர் ஒரே ஒரு பக்கம் செய்கிறார். அவருக்கு என்பிஎம் (பேக்கேஜ் இறக்கும் கருவி), சாஸ் (ஸ்டைல் எழுதும் மொழி), பில்டு (எல்லாவற்றையும் கட்டித் தரும் வேலை) என்று வண்டி வண்டியாக ஏற்றச் சொல்கிறீர்களா? சிடிஎன் வேகமானது. நான் கண்ணால் பார்த்தது இது.

அரைப்புள்ளி:
வேகத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. "ஏற்கெனவே கேஷில் இருக்கும்" என்றீர்களே, அதைக் கேட்கிறேன். இருக்குமா, இருக்காதா?

தெளிநீர்:
ஒரு சின்ன விஷயம். டிசைன் சிஸ்டம் என்று எதைச் சொல்கிறோம்? பூட்ஸ்ட்ராப் ஒரு சிஎஸ்எஸ் ஃப்ரேம்வொர்க், அதாவது பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் தயாராக எழுதிவைத்த தொகுப்பு. பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டத்தில் ஸ்டைலும் ஸ்கிரிப்ட்டும் ஒரு பகுதி மட்டுமே. எந்தப் பாகத்தை எப்போது வைக்க வேண்டும், எப்போது வைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. முன்பே கம்பைல் செய்த ஃபைலை அப்படியே எடுத்தால் தேவையான பாகங்களை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமே?

நிழல்வேர்:
பூட்ஸ்ட்ராப்பின் சிஎஸ்எஸ் சுருக்கி அனுப்பினால் 30 கேபி அளவுதான். ஒரு சின்னப் படம் அதைவிடப் பெரியது. கேஷில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அரைப்புள்ளி:
நேற்று "கேஷில் இருக்கும், பறக்கும்", இன்று "இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன". படிக்கிறவர்கள் கவனிக்கட்டும்.

சிடிஎன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட்டை அனுப்பிவந்த பாலிஃபில் டாட் ஐஓ கதை 2024 ஜூனில் என்ன ஆயிற்று? அந்தப் பெயர் கை மாறியது, ஸ்கிரிப்ட்டில் விஷம் கலந்தது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் மாட்டின. மாட்டியவர்கள் எல்லோரும் உங்களைப் போல ஒரு வரி ஒட்டியவர்கள்தான்.

நிழல்வேர்:
அதற்குத்தான் இன்டெக்ரிட்டி இருக்கிறது. ஃபைலின் கைரேகை மாதிரியான ஹேஷை லிங்க்கோடு எழுதிவைக்கலாம். ஹேஷ் பொருந்தாவிட்டால் பிரவுசரே ஃபைலைத் தூக்கி எறிந்துவிடும்.

அரைப்புள்ளி:
இருக்கிறது, சரி. நேற்று நீங்கள் கொடுத்த ரெண்டு வரியில் அது இருந்ததா? இல்லை. பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் "லேட்டஸ்ட்" என்று இருந்தது. அதோடு ஹேஷையும் போட்டால், அவர்கள் அடுத்த பதிப்பை வெளியிடும் நாளில் ஹேஷ் பொருந்தாது, பக்கம் ஸ்டைலே இல்லாமல் மொட்டையாக நிற்கும். போடாவிட்டால் யார் எதை அனுப்பினாலும் ஓடும். பாலிஃபில்லில் ஒவ்வொரு பிரவுசருக்கும் வேறு வேறு ஃபைல் போனதால் அங்கே ஹேஷ் போடவே வழியில்லை. தம்பி, ஒட்டுவதற்கு முன்னால் படிக்க வேண்டும்.

நிழல்வேர்:
தம்பி என்று கூப்பிடுகிற வேலை வேண்டாம். என் வயசு உங்களுக்குத் தெரியாது. ஜேகுவரி என்ற ஸ்கிரிப்ட் நூலகம் இல்லாமல் பூட்ஸ்ட்ராப் நகராத காலத்திலிருந்து இதே வேலைதான் செய்கிறேன்.

பழைய_டேப்:
படி படி என்று சொல்கிற ஆளிடம் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பட்டனை அழுத்தினால் மோடல் (பக்கத்துக்கு மேல் எழும் பெட்டி) திறக்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பிழைகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலில் ஒரு சிவப்பு வரி கூட இல்லை. அரைப்புள்ளி கொடுத்த பதில் "டாக்குமென்டேஷனைப் படிக்கவும்", அவ்வளவுதான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன். பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்ட் 5ஆம் பதிப்பு, எச்டிஎம்எல் 4ஆம் பதிப்புக்கு எழுதியது. டேட்டா-டாகிள் என்று இருந்ததை டேட்டா-பிஎஸ்-டாகிள் என்று மாற்றியதும் திறந்துகொண்டது. நடுவில் இரண்டே எழுத்து. அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

அரைப்புள்ளி:
பதிப்பு மாறும்போது என்னென்ன மாறுகிறது என்று அவர்கள் தனிப்பக்கமே வைத்திருக்கிறார்கள், அதில் இது இருக்கிறது. 2021 மே மாதம் 5ஆம் பதிப்பு வந்தபோதே நான் என் ப்ராஜெக்ட்டுகளை வரி வரியாக மாற்றினேன், யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு நடந்ததும் என் பக்கத்துக்குத்தான் சாட்சி. என்பிஎம்மில் பதிப்பைப் பூட்டி வைத்தால் நீங்கள் சொல்லாமல் அது மாறாது.

நிழல்வேர்:
சாட்சியா? போன மாதம் உங்கள் பில்டிலேயே மெனுவை அழுத்தினால் திறந்த கையோடு மூடிக்கொண்டது, நீங்களே இங்கே வந்து புலம்பினீர்கள். பில்டு ஒன்றாகக் கட்டிய பன்டிலுக்குள் ஒரு தடவை, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான லேஅவுட் ஃபைலில் ஒரு தடவை, ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஏறியிருந்தது. முதலாவது திறக்கும், இரண்டாவது மூடும். அதைப் பார்த்துச் சொன்னதே நான்தான். நன்றி என்று ஒரு வார்த்தை கூட வரவில்லை.

அரைப்புள்ளி:
லேஅவுட்டில் சிடிஎன் வரியை ஒட்டியது என்னுடன் வேலை செய்கிறவர். மறுபடியும் அதே ஒட்டும் வியாதிதான். பேச்சை மாற்ற வேண்டாம். கேஷில் இருக்குமா, இருக்காதா?

தெளிநீர்:
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

கோடிட்ட_இடம்:
நீங்கள் எல்லோரும் லிங்க்கைப் பற்றியே பேசுகிறீர்கள். நிஜமான தலைவலி அதற்குப் பிறகுதான். டிசைன் சிஸ்டத்தின் ஸ்டைலுக்கு மேல் ஆளாளுக்கு இம்பார்ட்டன்ட் (மற்ற வரிகளை மீறவைக்கும் குறி) போட்டு எழுதி வைக்கிறார்கள். ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற ஏழு இம்பார்ட்டன்ட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஸ்டைல்களை அடுக்குகளாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் லேயர் வசதி 2022 மார்ச்சிலேயே முக்கியமான பிரவுசர் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. சிஸ்டத்தை ஒரு லேயருக்குள் இறக்கிவிட்டு உங்கள் ஸ்டைலை வெளியே எழுதினால் சாதாரண வரியே ஜெயிக்கும்.

அரைப்புள்ளி:
சிஸ்டத்துக்குள்ளேயே இம்பார்ட்டன்ட் இருந்தால்? லேயருக்குள் இருக்கும் இம்பார்ட்டன்ட் வெளியே இருக்கும் இம்பார்ட்டன்ட்டையும் அடித்துவிடும், வரிசை தலைகீழாகிவிடும். பூட்ஸ்ட்ராப்பின் யுடிலிட்டி கிளாஸ்களில் (ஒரே ஒரு வேலை செய்யும் சின்ன ஸ்டைல்களில்) இம்பார்ட்டன்ட் நிறைந்து கிடக்கிறது. அரைகுறையாகச் சொல்லாதீர்கள்.

கோடிட்ட_இடம்:
பட்டன் நிறத்தைப் பற்றிச் சொன்னேன், யுடிலிட்டியைப் பற்றி இல்லை. இங்கே எதை எழுதினாலும் ஒருவர் திருத்துவதற்கென்றே காத்திருக்கிறார்.

நிழல்வேர்:
சரி, இப்போதே சோதித்துவிட்டேன். ஃபைல் எங்கிருந்து வந்தது என்று பிரவுசரில் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு என் தளத்துக்குப் போனேன், ரீலோட் செய்தேன். அந்த சிஎஸ்எஸ் ஃபைலுக்கு நேராக டிஸ்க் கேஷ் என்று தெளிவாக வருகிறது. ஸ்கிரீன்ஷாட் வேண்டுமா?

அரைப்புள்ளி:
அதே தளத்தில்தானே ரீலோட் செய்தீர்கள்? உங்கள் தளம் முதல் தடவை இறக்கியது, இரண்டாம் தடவை உங்கள் தளத்துக்கே கிடைத்தது. அதை யார் மறுத்தார்கள்? வேறொரு தளத்தில் அதே லிங்க்கை, அதே பதிப்போடு, முதல் முறையாகத் திறந்து பாருங்கள். முழு ஃபைலும் புதிதாக இறங்கும். நான் மூன்று பிரவுசரிலும் பார்த்துவிட்டேன்.

நிழல்வேர்:
என் திரையில் டிஸ்க் கேஷ் என்று இருக்கிறது. நான் சொன்னதும் அதைத்தான்.

அரைப்புள்ளி:
நீங்கள் சொன்னது "ஏற்கெனவே". அந்த வார்த்தையை எடுங்கள், நான் போய்விடுகிறேன்.

நிழல்வேர்:
எடுக்க மாட்டேன்.