சிப்பிப்பாறை நாய்க்குட்டி குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கடியில் ஓடுகிறது, என்ன செய்வது?

மாடிவீட்டுக்காரி:

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து சிப்பிப்பாறை இன வேட்டை நாயின் பெண்குட்டி எடுத்து வந்து எட்டு நாள் ஆகிறது. இன்றைக்கு 64 நாள் குட்டி. பெயர் மின்னல் என்று வைத்துவிட்டோம், அதுதான் இப்போது கேலிக்கூத்தாகிவிட்டது.

மதுரையில் வாடகை வீடு, முதல் மாடி. குக்கர் வெயிட் ‘உஸ்’ என்று ஆடத் தொடங்கினாலே கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொள்கிறாள். விசில் அடித்தால் அங்கேயே மூத்திரம். மிக்சி, பழைய இரும்பு வாங்க வருகிற வண்டியின் மைக், தண்ணீர் கேன் உருட்டுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் இதே கதை. நேற்று என் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு விழுந்தது, அரைமணி நேரம் வெளியே வரவில்லை. சத்தமே இல்லாதபோதும் அடுப்படி வாசலில் நின்று ஒரு முன்காலை எடுத்து வைப்பதும் பின்னால் இழுப்பதுமாக இருக்கிறாள்.

மாமனார், “முயல் பிடிக்கிற சாதி, குக்கருக்கு ஓடுது” என்று சிரிக்கிறார். என் கணவர் அடுப்படி ஜன்னலில் கட்டிப்போடு, இரண்டு நாளில் பழகிவிடும் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. தீபாவளிக்கு எட்டு வாரம்தான் இருக்கிறது. முதல் தடுப்பூசி போட்டாயிற்று.

விருதுநகர் தம்பி:

அக்கா, மாமா சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் கொட்டு அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குட்டியைக் கட்டுவார்கள். முதல் நாள் கத்தும், மறுநாள் கம்மென்று படுத்துக்கொள்ளும். ரொம்பச் செல்லம் கொடுத்தால் பயந்தாங்கொள்ளியாகத்தான் வளரும்.

கோம்பைக்காரர்:

தம்பி, நானும் அப்படிச் செய்தவன்தான். என் முதல் நாயை மாவு மில் மோட்டார் பக்கத்தில் கட்டிப் பழக்கினேன். நீங்கள் சொன்ன மாதிரியே மறுநாள் கம்மென்று படுத்தது. பழகிவிட்டது என்று நினைத்தேன். உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது, தட்டில் வைத்த கறியைத் தொடவில்லை. கத்திப் பயனில்லை என்று கைவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஏழு மாதத்தில் முதல் சரவெடிக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, இரண்டு நாள் கழித்து ஒரு தோப்பில் கிடைத்தது.

அம்மா, உங்களுக்கு ஒரு கேள்வி. வீட்டில் டைல்ஸ் தரைதானே? தோட்டத்து மண்ணில் பிறந்த குட்டி அது. ஓட எழுந்தால் கால் வழுக்கும். சத்தமும் கேட்கிறது, காலும் நிற்கவில்லை என்றால் எந்தக் குட்டிக்கும் பதற்றம்தான். இன்றைக்கே கட்டிலிலிருந்து அடுப்படி வாசல் வரை சாக்கு விரியுங்கள். அடுப்படி வாசலில் தயங்குவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தரையாகத்தான் இருக்கும்.

அப்புறம் குக்கர். அடுப்பில் ஏற்றாத, ஆறிய குக்கரை ஹாலில் தரையில் வையுங்கள். சுற்றிலும் வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகம் அளவு பிய்த்துப் போட்டுவிட்டு நீங்கள் விலகி உட்காருங்கள். கூப்பிட வேண்டாம், தள்ள வேண்டாம். கழுத்தை மட்டும் நீட்டி எட்டுகிற துண்டை எடுத்துவிட்டு ஓடினாலும் சரி, அது தானாக எடுத்த அடி. இரண்டு நாள் கழித்து வெயிட்டைக் கையில் வைத்து லேசாகத் தட்டுங்கள்.

இதில் முந்தி பிந்தி முக்கியம். சத்தம் முதலில், கோழி உடனே அடுத்து. கோழி டப்பாவைத் திறந்துவிட்டு அப்புறம் சத்தம் போட்டால், டப்பா திறக்கிற சத்தத்துக்கே ஓடத் தொடங்கும். இதுவும் பட்டு அறிந்ததுதான்.

நிஜமான விசிலுக்கு வீட்டில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடுப்பில், இன்னொருவர் குட்டியோடு வீட்டின் மறுகோடியில், கதவை மூடிக்கொண்டு. காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கோழியைத் தின்கிறதா, அந்தத் தூரம் சரி. வாயில் வாங்கவில்லை என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

கால்நடை மருத்துவ மாணவி:

கோம்பைக்கார ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம். குட்டிகள் புதியதை எளிதாக ஏற்றுக்கொள்கிற காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிக் கிட்டத்தட்ட 14 வாரத்தில் முடிகிறது. மின்னலுக்கு இப்போது ஒன்பது வாரம். அதோடு 8 முதல் 11 வாரத்துக்குள் பல குட்டிகளுக்குத் திடீரென்று பயம் கூடும். அதனால் சும்மாவும் இருக்கக்கூடாது, அவசரமும் படக்கூடாது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாய்க்கு 45,000 வரை கேட்கும். நமக்குச் சாதாரணமான விசிலில் அதற்கு இன்னும் என்னென்னவோ கேட்கலாம்.

“எல்லா ஊசியும் முடிந்த பிறகுதான் வெளியே” என்று சிலர் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள். 16 வாரம் வரை காத்திருந்தால் அந்தக் காலம் போய்விடும். ரத்தக் கழிச்சல் உண்டாக்குகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் தெருவில் இறக்கிவிடாதீர்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்திய ஸ்கூட்டரில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஆட்டோ, பள்ளிப் பிள்ளைகள், குடை, ஹெல்மெட், தாடி வைத்தவர் எல்லாம் கண்ணில் படட்டும். ஊசி போட்ட, நிதானமான வளர்ப்பு நாய் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அங்கே போகலாம். அடுத்த ஊசியை மூன்று, நான்கு வாரத்தில் தவறாமல் போடுங்கள், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி.

பயந்து மடிக்கு வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். தடவிக்கொடுத்தால் பயம் வளராது. விருதுநகர் அண்ணன் கோபிக்க வேண்டாம்.

விருதுநகர் தம்பி:

கோபம் எல்லாம் இல்லை. அந்த வெள்ளைக் கண் விஷயம் மட்டும் உறுத்துகிறது. எங்கள் நாயும் அப்படித்தான் பார்க்கும்.

மாடிவீட்டுக்காரி (12 நாள் கழித்து):

ரேஷன் அரிசிச் சாக்கு நான்கு விரித்தேன். அன்று சாயங்காலமே அடுப்படிக்குள் வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். எட்டு நாளாகச் சத்தத்தை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறிய குக்கரை ஆறாம் நாள் நக்கினாள். பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக நீண்டுகொண்டிருக்க, முன்பாதி மட்டும் குக்கருக்குப் போனது. மாமனார் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். போனில் பட்டாசுச் சத்தம் போட்டேன், அசையவில்லை. உடனே புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். பழையபடி கட்டிலுக்கடியில். கொஞ்ச நாளாக மிக்சிக்கு ஓடாமல் நின்றவள், மறுநாள் அதற்கும் ஓடினாள். கெடுத்துவிட்டேனா?

கோம்பைக்காரர்:

கெடவில்லை. போன் ஸ்பீக்கரில் வெடியின் ‘டம்’ வராது, ‘டப்’ மட்டும்தான் வரும். அதனால்தான் அசையவில்லை. ஒரு பயம் அடங்க ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் இன்னொன்று வந்தால் மேலே மேலே ஏறும். இரண்டு நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம். தூங்கவிடுங்கள், விளையாடவிடுங்கள். அப்புறம் அந்த ஸ்பீக்கரையே அடுத்த அறையில், உங்களுக்கே கேட்டும் கேட்காமலும் இருக்கிற அளவில் வையுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும்.

கால்நடை மருத்துவ மாணவி:

தீபாவளிக்கு வீட்டில் இருக்கிற தூக்க மாத்திரையை யாரும் உடைத்துக் கொடுத்துவிட வேண்டாம். சில மயக்க மருந்துகள் உடம்பைத்தான் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். தேவையென்றால் பத்து நாள் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அரசு குறித்த வெடி நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் யார் பார்க்கிறார்கள்? மாலை 5 மணிக்குள் அவளை வெளியே கூட்டிப்போகிற வேலையை முடித்து, கழுத்துப் பட்டையில் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள்.

மாடிவீட்டுக்காரி (தீபாவளிக்கு மறுநாள்):

நேற்று இரவு முழுக்கக் கட்டிலுக்கடியில்தான் இருந்தாள். ஜன்னலை மூடி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, நானும் தலையணையோடு கீழே படுத்துக்கொண்டேன். எதிர்வீட்டுச் சரவெடிக்கு நடுங்கினாள், மூத்திரம் போகவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் இருட்டில் என் உள்ளங்கையைத் தேடி மூக்கால் முட்டினாள், கோழி வந்ததா என்று. பத்து மணிக்கு மேல் டப்பா காலி, தயிர்சாதத்தை உருட்டிக் கொடுத்தேன், அதையும் தின்றாள்.

குக்கருக்கு இப்போது வேறு தொல்லை. பக்கத்து வீட்டில் விசில் அடித்தாலும் வந்து என் முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். அவர்கள் வீட்டில் கொண்டைக்கடலைக்கு ஏழு விசில். இதைக் குறைக்க வழி இருந்தால் சொல்லுங்கள், எடை ஏறுகிறது.