பிளெண்டரில் 'எடிட்': தொகு, திருத்து, ஒக்கிடு

பாளையங்கோட்டை:
திங்கட்கிழமை வகுப்புக்குள், அசைவுப்படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் சொற்களைத் தமிழாக்கி முடித்தாக வேண்டும். மூன்று இடங்களில் வரும் 'எடிட்'டில் நிற்கிறது. மேலே, செய்ததை நீக்கும் கட்டளை இருக்கும் பட்டியல். டேப் விசையைத் தட்டினால் கோட்டின் புள்ளிகளைப் பிடித்து இழுக்கும் நிலை. 'கிராஃப் எடிட்டர்' சாளரம். மூன்றுக்கும் 'தொகு' என்றே போட்டிருக்கிறோம். வரைந்த கையின் ஐந்து விரல்கோடுகளைத் தேர்ந்து 'தொகு'வைத் தட்டும் பிள்ளை, ஐந்தும் ஒன்றாகச் சேரும் என்று நினைக்கும். திரையிலோ கோடெல்லாம் புள்ளி புள்ளியாக நிற்கும்.

அம்பாசமுத்திரம்:
தம்பி, 'தொகு'வைக் கைவிடாதீர்கள். செய்யுள் விகாரத்தில் தொகுத்தல் என்றால் எழுத்துக் குறைவது, விரித்தலுக்கு மறுதலை. வேண்டாததைக் கழித்துச் செறிவாக்குவதுதானே எடிட்டிங்? எட்டுத்தொகையும் பொறுக்கிச் சேர்த்தது, குவித்ததன்று. உம்மைத்தொகை, வினைத்தொகை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று மறைந்துதான் நிற்கிறது.

தென்காசி:
அண்ணாச்சி, காட்சியை வெட்டி ஒட்டும் இடத்துக்கு அது சரி. கோட்டின் வளைவை இழுக்கும்போது எது தொகுகிறது? நம்ம பக்கத்தில் 'ஒக்கிடு' இருக்கிறதே! சைக்கிளை ஒக்கிடுகிறோம், கூரையை ஒக்கிடுகிறோம். நான்கே எழுத்து, பொத்தானிலும் அடங்கும்.

வள்ளியூர்:
ஒக்கிடுவது பழுதானதை. பழுதில்லாத கோட்டை என்னவென்று ஒக்கிட? சேலத்துப் பிள்ளை அகராதியைத் தேடும். 'திருத்து' போதும். பிழை இருந்தால்தான் திருத்தம் என்பார்கள். காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம், காடு என்ன பிழை செய்தது?

பாளையங்கோட்டை:
மொழிபெயர்ப்புகளை வரி வரியாக வைக்கும் பிஓ கோப்பில் மூன்றும் தனித்தனி வரிகள். ஒரே சொல்லால் கட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. பட்டியலுக்குத் 'திருத்து'. டேப் நிலைக்குப் 'புள்ளித் திருத்தம்'. கை எதைத் தொடுகிறது என்று பெயரே சொல்லிவிடும். கிராஃப் சாளரத்தில் கிடையாகச் சட்டக எண் (எத்தனையாவது ஃபிரேம் என்பது), செங்குத்தாக மதிப்பு; 'அசைவு வரைபடம்' என்றாலே விளங்கும், 'எடிட்டர்' தேவையில்லை. கோடுகளைச் சேர்ப்பதற்குக் 'குழுவாக்கு'.

வள்ளியூர்:
சம்மதம். இதற்கு மேல் இழுத்தால் திங்கள் தாண்டிவிடும்.

அம்பாசமுத்திரம்:
காணொளித் துண்டுகளை அடுக்கும் சாளரத்துக்காவது 'தொகுப்பு' நிற்கட்டும். மற்றவற்றில் எனக்கு உடன்பாடில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தென்காசி:
'கிளீன் அப்' பட்டியலுக்கு இன்னும் சொல் இல்லை. ஒட்டாமல் கிடக்கும் புள்ளியை நீக்குவது, நெருங்கிய புள்ளிகளை ஒன்றாக்குவது எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதெல்லாம் பழுதுதானே? அங்கே 'ஒக்கிடு' போடலாமா?