பாடத்திட்டக் குழுல யுஜி ஸ்டூடண்ட்டுக்கு சீட் வேணுமா?

மூணாவது பெஞ்ச்:
சிலபஸ தானே போட்டுக்கற தன்னாட்சி கல்லூரில பிஎஸ்சி ஃபைனல் இயர் படிக்கறேன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு துறையோட போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல, அதாவது பாடத்திட்டக் குழுல, எச்ஓடி (துறைத் தலைவர்), ஸ்டாஃப், வெளிய இருந்து ரெண்டு எக்ஸ்பர்ட், துணைவேந்தர் நியமிக்கற ஒருத்தர், இண்டஸ்ட்ரில இருந்து ஒருத்தர், பிஜி முடிச்ச பழைய மாணவர் ஒருத்தர்னு இத்தனை பேர் உக்கார்றாங்க, இப்ப அந்த சிலபஸ படிச்சிட்டு இருக்கறவங்க மட்டும் இல்ல. எங்களுக்கு ரெண்டாம் செமஸ்டர்ல முடிச்ச ஒரு யூனிட் நாலாம் செமஸ்டர்ல வேற பேப்பர்ல அப்படியே திரும்ப வந்துச்சு. ரெண்டையும் எடுத்தது வேற வேற சார், அவங்களுக்கு எப்படித் தெரியும், ரெண்டு கிளாஸ்லயும் உக்கார்ந்தது நாங்க தானே.

சாக்பீஸ்:
தம்பி, 14 வருஷமா பாடம் எடுக்கறேன். நீங்க சொன்ன யூனிட் விஷயம் நியாயம் தான், மறுக்கல. ஆனா அந்தக் குழு வேலை சிலபஸோட முடியறதில்ல, எக்ஸாமினர் பேனலுக்குப் பேர் சிபாரிசு பண்றதும் அங்க தான், அந்த எக்ஸாம எழுதப் போற பையன பக்கத்துல வச்சிட்டு எப்படிப் பேசுவீங்க? இன்னொண்ணு, இன்னிக்கு கஷ்டமா இருக்குன்னு மேத்ஸ் பேப்பர குறைக்கச் சொல்லுவீங்க, எம்எஸ்சி என்ட்ரன்ஸ் எழுதறப்ப தான் அது இல்லாதது வலிக்கும். அதை முன்கூட்டியே பாக்கறதுக்குத் தான் நாங்க இருக்கோம்.

ஹாஸ்டல் நிலா:
நான் இன்ஜினியரிங், அண்ணா யுனிவர்சிட்டி சிலபஸ். அங்க கிளாஸ் கமிட்டின்னு ஒண்ணு விதிலயே இருக்கு, அந்த கிளாஸுக்குப் பாடம் எடுக்காத ஒருத்தர் தான் சேர்மன், ஸ்டூடண்ட் ரெப்பும் உண்டு. நான் ரெப்பா இருந்தேன். லேப்ல ஆறு சிஆர்ஓல (மின் அலைய திரைல காட்டற மெஷின்) ரெண்டு தான் ஓடுது, மீதி பேர் பக்கத்து பேட்ச் ரீடிங்க பாத்து எழுதறோம்னு மீட்டிங்ல சொன்னேன். மறுநாள் லேப்ல "நீ தான் சொன்னியா"ன்னு ஒரு கேள்வி, அவ்ளோ தான், அப்புறம் மூணு வாரம் என் ரெகார்டுல மட்டும் சைன் விழல, எல்லாரும் சப்மிட் பண்ணிட்டுப் போனப்ப நான் மட்டும் ஸ்டாஃப் ரூம் வாசல்ல நோட்டோட நின்னேன். அதனால சீட் குடுக்கறதுக்கு முன்னாடி இன்டர்னல் மார்க் யார் கைல இருக்குன்னு யோசிங்க. ஒத்தை ஆளா உக்கார வைக்காதீங்க, ரெண்டு பேராவது வேணும்.

மூணாவது பெஞ்ச்:
அக்கா சொல்றது தான் எனக்கும் பயம். சார், எக்ஸாமினர் விஷயம் வர்றப்ப ஸ்டூடண்ட் வெளிய போயிடட்டும், அது ஒரு பிரச்சினையே இல்ல. பாலியல் புகார் விசாரிக்கற உள்ளகக் குழுலயே, மாணவர் சம்பந்தப்பட்ட கேஸ்னா யுஜி ஸ்டூடண்ட் ஒருத்தர் தேர்தல் வழியா வரணும்னு யுஜிசியோட 2015 விதியே சொல்லுது. அவ்ளோ ரகசியமான இடத்துல நம்பறாங்க, பாடத்திட்டத்துல நம்ப மாட்டாங்களா? ஆனா யுஜிசியோட 2023 மாணவர் குறைதீர் குழு விதி மாதிரி, தேர்தல் இல்லாம நியமனம்னு வச்சா டாப்பர தான் கூப்பிடுவாங்க. எந்தப் பேப்பர்ல பாதி கிளாஸ் விழுதுன்னு அரியர் வச்சிருக்கறவன்கிட்ட தான் கேக்கணும்.

சாக்பீஸ்:
ரெகார்டு விஷயம் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சும்மா, எங்க ஆளுங்க யார் செஞ்சிருந்தாலும் தப்பு தப்பு தான். குழுல ஸ்டூடண்ட்டுக்கு ஓட்டுரிமை குடுக்கறதுல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல. ஆனா எங்க துறைல அடுத்த சிலபஸ் டிராஃப்ட் போர்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டாம், மூணாம் வருஷப் பசங்க கைல குடுத்து, பேர் போடாம எழுதி வாங்கலாம்னு எச்ஓடிகிட்ட கேக்கறேன்.

ஹாஸ்டல் நிலா:
கேளுங்க சார். வாங்கினத அந்த மீட்டிங்ல யாராவது சத்தமா படிக்கணும், மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்புல) ஏறணும், அதையும் சேர்த்துக் கேளுங்க.